தங்கைக்குத் தெரியாத முகவரி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கர்ணனுக்காகக் கண்ணீர் விடாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? 1964இல் வந்த படத்தை இன்றைக்குத் தொலைக்காட்சியில் போட்டாலும், எங்கள் தெருவில் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். வட மாவட்டங்களில் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கிறது. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டவன், தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், கொடுத்துக் கொடுத்தே மாண்டவன் என்று அவனை எண்ணி எண்ணி உருகுகிறோம். உருக வேண்டியதுதான். ஆனால் எனக்கு வெகுநாளாக ஓர் ஐயம் உண்டு.

தான் யார் என்பது கர்ணனுக்குப் போருக்கு முன்பே தெரிந்துவிட்டது. கண்ணன் சொன்னான், குந்தியும் தேடி வந்து சொன்னாள். எதிரே நிற்கும் ஐவரும் தன் தம்பிமார் என்று அறிந்தேதான் அவன் வில்லை எடுத்தான். அறியாமல் இருந்தவர்கள் அந்த ஐவர். போர் முடிந்து, கங்கைக் கரையில் இறந்தோருக்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான், கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்தவன் என்பதைக் குந்தி வெளியிட்டாள். தருமன் மனம் உடைந்து, இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபித்ததாகப் பாரதம் கூறுகிறது. அந்தச் சாபம் அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் தம்பியாகப் பிறந்தவனுக்கு வந்த அந்தக் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

தத்துப் போன பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெற்ற தாயை எழுதுவார்கள். வளர்த்த தாயை எழுதுவார்கள். பெற்றவள் பெரியவளா, வளர்த்தவள் பெரியவளா என்று பட்டிமன்றம்கூட வைத்துவிட்டோம். அந்தப் பிள்ளையோடு ஒரே வயிற்றில் பிறந்து வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதக் காணோம். நான் அப்படி நின்றுவிட்டவள். அம்மாவிடம் கேட்டு, அவள் தலையசைத்த பின்பே எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. காரியாபட்டி வட்டத்தில் கரிசல் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆனால் நான் பிறந்தது சிவகாசியில் ஒரு லைன் வீட்டில். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. மணி மருந்து காய வைக்கும் இடத்தில் இருந்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இந்த மாவட்டத்துத் தோழர் தோழியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்து படிப்போருக்கு ஒரு வரி: சிறு உராய்வு போதும். 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் அது நடந்தது. அம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எனக்கு இன்னும் ஆறு வயது நிரம்பவில்லை. தம்பிக்கு இரண்டரை.

2011 ஏப்ரலில் தங்கை பிறந்தாள். நாற்பது நாள் எங்களோடு இருந்தாள். பெயர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். தூளியை ஆட்டுவது என் வேலை. கை எட்டாது என்பதால் தூளியின் அடியில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை இழுத்து இழுத்து விடுவேன். அம்மாவுக்குப் பால் இல்லை என்பதும், வட்டிக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தார் என்பதும், இரண்டு பிள்ளைகளோடு வந்தால் சோறு போடலாம், மூன்றாவதுக்கு வழியில்லை என்று தாய்மாமன் வீட்டில் சொன்னார்கள் என்பதும் பின்னாளில் துண்டு துண்டாக நான் தெரிந்துகொண்டவை. அம்மா ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பாப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தாள். மனம் மாறினால் அறுபது நாளுக்குள் வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்களாம். அம்மா அறுபது நாளையும் எண்ணினாள். அதன் பிறகு ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு வந்துவிட்டோம்.

பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்குப் பாட்டி, "தவறிப் போச்சு" என்று பதில் சொன்னாள். அந்த ஒரு சொல்லால் ஊர்க்கணக்கில் என் தங்கை இறந்துபோனாள். இந்த மலர் எங்கள் ஊருக்குள்ளும் போகும். போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

*

தத்து என்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளையில்லாதவர் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது வெகுகாலமாக உள்ள வழக்கம். எங்கள் ஊரிலேயே ஒரு பெரியவர், பெரியப்பா வீட்டுக்குச் சுவீகாரம் போனவர். அவர் பிறந்த வீடு நான்கு வீடு தள்ளி இருந்தது. கூடப் பிறந்த தங்கையின் மகளுக்குச் சடங்கு வந்தபோது தாய்மாமன் சீர் சுமந்து போனவர் அவர்தான். பத்திரத்தில் அவர் வேறொரு தகப்பனுக்குப் பிள்ளை. சீர்த்தட்டு ஏந்தி நிற்கையில் அந்தத் தங்கைக்கு அண்ணன். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் இருந்ததில்லை. தத்தை இரகசியமாக்கியது பழைய ஊர் வழக்கம் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீதிமன்றங்களும் அந்நாளில் தத்து என்றால் சொத்தைத்தான் பார்த்தன. நம் பக்கத்து இராமநாதபுரத்தில் கணவரை இழந்த ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு, மதுரைக் கலெக்டர் எதிர்த்து நிற்க, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868இல் தீர்ந்தது. ஜமீன் யாருக்கு என்பதே வழக்கு. சீமை வரை கப்பலேறும் அளவுக்கு நிலத்துக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தை நம் நூலகத்தில் ஒரு பழைய பதிப்பில் படித்தேன். அதன் 12ஆம் பிரிவு, தத்தான நாள் முதல் பிறந்த வீட்டு உறவெல்லாம் அறுந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. பிறந்த வீட்டிலேயே இருந்திருந்தால் யாரை மணக்க முடியாதோ, அவரைத் தத்துப் போன பின்னும் மணக்க முடியாதாம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் விலக்கப்பட்ட உறவுகளை எண்ணும்போது இரத்தத்தால் வந்ததையும் தத்தால் வந்ததையும் சேர்த்தே எண்ணுகிறது. தாய் ஒருத்தியாகவோ தகப்பன் ஒருவனாகவோ இருந்தாலே போதும். ஆக, உறவை அறுத்த சட்டமே, அறுந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள் என்றும் சொல்கிறது. நான்கு வீடு தள்ளி அண்ணன் இருப்பவனுக்கு இது எளிது. அலுவலகத்தின் வழியாக, ஊர் பேர் தெரியாத வீட்டுக்குப் போன பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்?

என் அம்மாவின் அச்சம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டம் படித்தவளல்ல, ஐந்தாம் வகுப்பு. ஓர் இரவு, தம்பி வெளியே போயிருந்த நேரம், பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏத்தா, நாளப்பின்ன இவன் எந்த ஊருப் பொண்ணக் கூட்டிட்டு வந்து நிப்பானோ. அது நம்ம புள்ளையா இருந்துட்டா?" என்றாள். நான் படித்த படிப்பைக் காட்டினேன். தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அப்படி நடக்க எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று விரல் விட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "கோடியில ஒண்ணுன்னாலும் அந்த ஒண்ணு நான் பெத்ததுதான" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுமுன் முதலில் குலதெய்வத்தைத்தான் கேட்பார்கள். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. பேச்சு அதோடு முடிந்தது. என் தங்கைக்கு எந்தக் கோயிலில் முடி இறக்கினார்களோ!

*

இனி இன்றைய விதியைச் சொல்ல வேண்டும். சற்று வறட்சியாக இருக்கும், பொறுத்தருள்க.

வெளிநாட்டுக்கு நம் குழந்தைகள் தத்துப் போவதில் முறைகேடு நடக்கிறது என்று லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் 1984 பிப்ரவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பி. என். பகவதி. அந்தத் தீர்ப்பு காட்டிய வழியில் 1990இல் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் வந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் புதிதாக எழுதப்பட்டது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அதே மாதம் காராவின் புதிய விதிமுறைகளும் வெளிவந்தன.

அந்த விதிமுறைகளில் 'ரூட் சர்ச்' என்றொரு பகுதி உண்டு. வேரைத் தேடுதல் என்று நாம் சொல்லலாம். தத்துப் போன பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பினால் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குள் என்றால் வளர்க்கும் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். எங்கிருந்து, எந்தச் சூழ்நிலையில் இல்லத்துக்கு வந்தது என்பதை வயதுக்குத் தக்கபடி சொல்ல வேண்டும். ஒப்படைக்கும்போதே தங்கள் அடையாளத்தை மறைக்கும்படி பெற்றோர் கேட்டிருந்தால், அவர்களுடைய எழுத்துமூலமான சம்மதத்தை வாங்க வேண்டும். அவர்கள் மறுத்துவிட்டாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ, ஒப்படைத்த காரணத்தையும் சூழ்நிலையையும் மட்டும் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தைக் குலைக்கக் கூடாது. மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதி இல்லை.

இதில் பிள்ளை வருகிறது, பெற்றவர் வருகிறார், வளர்த்தவர் வருகிறார். கூடப் பிறந்தவர் எங்கே வருகிறார்? 2024இல் ஓர் அலுவலகத்துக்குப் போய் இதைக் கேட்டேன். பீரோக்களுக்கு நடுவே ஒரு நடுவயது அலுவலர் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முழுதும் கேட்டுவிட்டு, "சட்டப்படி நீங்க மூணாம் நபர்ம்மா" என்றார்.

நான் தங்கையின் முகவரியைக் கேட்கவில்லை. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்ததே சரி. அவள் தத்துப் பிள்ளை என்பதே அவளுக்குச் சொல்லப்படாமல் இருக்கலாம். பதினான்கு வயதுப் பெண்ணின் வீட்டுக்கதவைத் தட்டி, நான்தான் உன் அக்கா என்று நிற்க எனக்கு என்ன உரிமை? வளர்த்தவர்களின் பதினான்கு ஆண்டுகளை ஒரே நாளில் உலுக்க எனக்கு என்ன நியாயம்? நான் கேட்டது வேறு. அம்மா கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பது சிவகாசி லைன் வீட்டு முகவரி. அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். 2029 ஏப்ரலில் தங்கைக்குப் பதினெட்டு நிரம்பும். ஒருநாள் அவள் தேட நினைத்தால், இவர்கள் அந்த முகவரிக்குத் தாள் அனுப்புவார்கள். 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வரும். பெற்றோர் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். நாங்களோ நாற்பது கிலோமீட்டருக்குள் இருப்போம். ஆகவே எங்கள் புதிய முகவரியை அந்தக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இப்படி ஓர் அக்காவும் ஓர் அண்ணனும் உண்டு என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா அப்படி வாங்கி வைக்கச் சொல்லி இதுல எங்கயும் இல்லையே" என்றார்.

*

இது வெறும் பாசப் புலம்பல் என்று எண்ணும் தோழர்களுக்காக, நம் துறைப் பாடத்திலிருந்து கொஞ்சம்.

ஒரு தாய் தரும் சினைமுட்டையில் 23 குரோமோசோம்கள் சேரும் விதங்கள் மட்டும் 2இன் 23ஆம் அடுக்கு, அதாவது 83,88,608. குறுக்கேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே இவ்வளவு. தகப்பன் பக்கமும் அவ்வளவே. இத்தனை கலைத்துப் போட்டும் உடன்பிறந்த இருவருக்கு டி.என்.ஏ.வில் சராசரியாகப் பாதி பொதுவாக இருக்கிறது. அவற்றுள் ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற ஜீன் தொகுதி உண்டு. நம் உடல் எது தன்னுடையது, எது அந்நியம் என்று பிரித்தறிய உதவுவது. அது பெரும்பாலும் கட்டாகவே ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குப் போகிறது. ஆகவே ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவருக்கு அது முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரத்தப் புற்றுநோய்க்கோ தலசீமியாவுக்கோ எலும்பு மஜ்ஜை மாற்றுச் செய்ய வேண்டுமானால், மருத்துவர்கள் முதலில் கேட்பது, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்பதுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. அங்கே ஒரு தத்துப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் என்ன பதில் சொல்வார்கள்? இல்லை என்பார்கள். உண்மையில், இங்கே இருவர் இருக்கிறோம்.

உடன்பிறந்தோரைப் பிரிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்த கதையும் உண்டு. 1961இல் நியூயார்க்கில் பிறந்த ஆண் குழந்தைகள் மூவர், ஒரு தத்து நிறுவனத்தால் மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். பிரிந்து வளரும் இரட்டையர்களை ஆராய்ந்த பீட்டர் நியூபவர் என்ற மனநல மருத்துவரின் குழு வீடு தேடி வந்து அவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கோ வளர்த்தவர்களுக்கோ மற்ற இருவர் இருப்பது சொல்லப்படவில்லை. 1980இல், பத்தொன்பது வயதில், ஒருவன் சேர்ந்த கல்லூரியில் மற்றவனுக்குத் தெரிந்த முகங்கள் இருந்ததால் உண்மை உடைந்தது. அந்த ஆராய்ச்சியின் தாள்கள் யேல் பல்கலைக்கழகத்தில் 2065 வரை பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பரம்பரையா, சூழ்நிலையா என்று தேர்வுக்கு விடை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டு நினைவுக்கு வருகிறது.

நம் பக்கம் அப்படி யாரும் ஆராய்ச்சிக்காகப் பிரிக்கவில்லை, வறுமையே பிரித்துவிடுகிறது. 1970களின் இறுதியில் சென்னைப் பல்லாவரத்தில் ஓர் இல்லத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு குழந்தைகள் டென்மார்க்குக்குத் தத்துப் போயினர். போய்ச் சேர்ந்தது இரு வேறு வீடுகளுக்கு. அவர்களில் இளையவர் வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் தேடி, 2019இல் சென்னையில் தாயைக் கண்டடைந்தார். அந்தத் தாய் அப்போது இன்னொரு மகனோடு வாழ்ந்துகொண்டிருந்தார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூவர், மூன்று வீடுகளில். செய்தித்தாள்கள் தாயும் மகனும் சேர்ந்ததைத்தான் பெரிதாகப் போட்டன. நான் அந்த வீட்டிலிருந்த மகனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டது. எத்தனையோ உயிர்களைக் காத்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்பதே அதன் அடிப்படை. பெண் என்பதற்காக அப்படி விடப்பட்டவர்களில் பலர் இரண்டாவது, மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர்கள். அதாவது வீட்டில் ஓர் அக்காவாவது இருந்திருப்பாள். அந்தப் பிள்ளைகளின் வேர் தேடல் தொட்டிலோடு நின்றுவிடும். அவர்களோடு ஒப்பிட்டால் நான் பாக்கியசாலி. என் தங்கைக்கு ஒரு கோப்பு இருக்கிறது.

*

செய்ய முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை என்பதற்கு ஒரு சான்று. ஸ்காட்லாந்தில் 1930 முதலே, தத்துப் பிள்ளைகள் வளர்ந்ததும் தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த உரிமை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பின்னர் 1991இல் அங்கே ஒரு தொடர்புப் பதிவேடு ஏற்படுத்தினார்கள். அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் தத்துப் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பதியலாம். மற்றதில் பிறந்த வீட்டு உறவினர் பதியலாம். இரண்டும் பொருந்தினால் உறவினரின் முகவரி தத்துப் பிள்ளைக்கு அனுப்பப்படும். பிள்ளையின் முகவரி உறவினருக்குத் தரப்படாது. உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டோம் என்று மட்டும் தெரிவிப்பார்கள். எழுதுவதா, கிழித்துப் போடுவதா என்பது பிள்ளையின் கையில். 2005 இறுதியிலிருந்து, பதினெட்டு வயது கடந்த உடன்பிறந்தோர், அதற்கென்றுள்ள இடைநிலை அமைப்பின் வழியாகக் கேட்கவும் வழி வந்துவிட்டது. அங்கும் தத்துப் பிள்ளையின் சம்மதம் இன்றி எதுவும் சொல்லப்படாது.

இந்த முதல் பதிவேடு ஒன்று போதும் என்பேன். இங்கே தத்துக்கான பதிவெல்லாம் கணினியில்தான் நடக்கிறது. பிறந்த வீட்டார் தங்கள் முகவரியை மாற்றிப் பதியவும், தங்கை தேடி வந்தால் சொல்லுங்கள் என்று ஓர் அக்கா எழுதி வைக்கவும் அதில் ஓர் இடம் ஒதுக்கினால் யாருடைய அந்தரங்கம் கெடும்? பெற்ற தாய் மறைத்து வைக்க விரும்பும்போது மூத்த பிள்ளை முகவரி கொடுக்கலாமா என்று நம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். கடினமான கேள்விதான். என் அம்மா மறுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தாயின் மறுப்பைத் தாய்க்கு மட்டும் வைத்துக்கொண்டு, பதினெட்டு வயது தாண்டிய அக்காவின் பெயரை அக்காவின் விருப்பப்படி தனியே பதிய முடியாதா? தாயும் மகளும் இருவேறு மனிதர்கள்.

அம்மா முதலில் அஞ்சினாள். கையெழுத்துப் போட்ட தாளைக் கிளறினால் போலீஸ் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். சட்டப்படி ஒப்படைத்தது குற்றமல்ல என்பதை நான் பலமுறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறைக்கச் சொல்லி அந்நாளில் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டதற்கு, "எழுதியிருந்ததப் படிக்கிற நெலமையிலயா இருந்தேன்" என்றாள். நகலும் எங்களிடம் இல்லை. ஆகவே, முன்பு எப்படி எழுதியிருந்தாலும் இப்போது சம்மதம் என்று தாயே எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ள முடியாது என்று முடிவு செய்தோம். மூன்றாம் நபர் நான்தான், அவள் அல்லவே.

2025 சனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அம்மா தன் கையால் எழுதினாள். காட்டு வேலைக்குப் போகிற கை. ஒரு பக்கம் எழுத மாலை முழுதும் ஆயிற்று. பிள்ளை பிறந்த தேதி, ஒப்படைத்த தேதி, பழைய முகவரி, புதிய முகவரி, என் கைப்பேசி எண், தம்பியின் எண். என் மகள் வந்து கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி. அவளுக்கு ஓர் அக்காவும் ஓர் அண்ணனும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது. கீழே அவளாகவே, இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கும் என்று சேர்த்தாள். எனக்கு அது தெரியாது. நாற்பது நாள் தூளி ஆட்டியும் நான் காதுக்குப் பின்னால் பார்த்ததில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்து நாளில் ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. குடும்ப அட்டை வைக்கும் உறைக்குள் அதையும் அம்மா வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து இருவரும் நேரில் போனோம். தண்ணீர் கொடுத்த அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், தபால் வந்த பதிவு இருக்கிறது, கோப்பில் சேர்த்தார்களா என்பதைப் பழைய கட்டுகளை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பருவத் தேர்வு முடிந்ததும் மறுபடி போகிறோம். இந்த முறை தம்பியும் வருகிறேன் என்கிறான்.